பலகைக் காரில் பக்கத்து இடம்

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பழைய காகிதக் கடையில். பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில், டிரங்க் ரோட்டை ஒட்டி, கிழிந்த நோட்டையும் பழைய பத்திரிகையையும் எடைக்கு வாங்கி விற்கிற கடை. என் ஸ்டூடியோவில் எடுத்த படங்களைச் சுற்றிக் கொடுக்கக் காகிதம் வேண்டி மாதத்துக்கு ஒருமுறை அங்கே போவேன். அப்போது யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக் கூடாரங்கள் வந்த பிறகு அந்தக் கடையில் சீமைப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக விழ ஆரம்பித்திருந்தன. வழவழப்பான தாள், பட்டாணி மடிக்க ஆகாது, வடை சுற்ற ஆகாது என்று கடைக்காரருக்கு அவற்றின்மேல் சலிப்பு. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவார்.

அப்படி வந்த ஒன்றைப் பிரித்தபோது நடுப்பக்கத்தில், இரண்டு தாளையும் நிறைத்துக்கொண்டு, ஓர் அமெரிக்கக் கார். அரக்கு நிறம். பானட் மட்டுமே ஒரு கட்டில் நீளம் இருக்கும். நான் அதுவரை பார்த்த கார்களில் விளக்குகள் தனியே கம்பிமேல் துருத்திக்கொண்டு நிற்கும். இதில் அவை மட்கார்டுக்குள்ளேயே புதைந்து உட்கார்ந்திருந்தன. முன்பக்கத்துக் கம்பிகள் அத்தனையும் நிக்கல் பூச்சு, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு துண்டு வானம். டயரின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை வேறு. மாட்டுச் சாணமும் செம்மண்ணும் இல்லாத தேசத்தில்தான் ஒருத்தன் டயருக்கு வெள்ளையடிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கார் அல்ல, உள்ளே இருந்தவர்கள். ஓட்டுகிறவன் சாலையைப் பார்க்கவே இல்லை. பக்கத்திலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் இரண்டு குழந்தைகள், ஒரு நாய். எங்கே போகிறோம், எப்போது போய்ச் சேருவோம் என்ற கவலை நாயின் முகத்தில்கூட இல்லை. கீழே நாலு வரி இங்கிலீஷ். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் பார்த்ததில், இந்தக் கார் உங்களுடையதுதான், இன்னும் ஏன் வந்து எடுத்துக்கொள்ளவில்லை என்கிற தோரணையில் எழுதியிருந்தது. அமெரிக்கன் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

நான் பூந்தமல்லிக்காரன் அல்ல. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, காமிராவையும் முக்காலியையும் ஒரு கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தேன். டிரங்க் ரோட்டில் ஒரு மாவு மில்லுக்குப் பக்கத்தில் கொட்டகை கிடைத்தது. கூரையில் ஒரு பக்கம் கண்ணாடி பதித்து ஸ்டூடியோ ஆக்கினேன். மின்சாரம் கிடையாது, வெயில்தான் விளக்கு. பயம் தெளிந்ததும் வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். அங்கே என்னை எதிர்பார்த்து யாரும் இல்லாததால் நான் போகவில்லை. அம்மா போய்விட்டாள், கல்யாணம் ஆகவில்லை. தனியாக இருந்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த விளம்பரத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒரு வாரம் அளவுகோலும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவில் பின்னால் தொங்குகிற படுதாவையும் நானேதான் வரைவேன், ஓவியத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏழாம் நாள்தான் அந்த அமெரிக்க ஓவியனின் திருட்டுத்தனம் பிடிபட்டது. கார் உண்மையில் அவ்வளவு நீளமே இல்லை. உள்ளே இருக்கிற மனிதர்களைச் சின்னதாக வரைந்திருக்கிறான். அந்த டிரைவர் கீழே இறங்கி நின்றால் என் இடுப்புக்கு வருவான். ஆட்களைச் சுருக்கிக் காரை நீட்டியிருக்கிறான், பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராதபடி. எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமை வந்தது. பிறகு ஒருநாள் யாரோ ஜமீன் வீட்டுக் கார், கிட்டத்தட்ட அதே ஜாதி, தண்ணீர் ஊற்ற ரோட்டோரம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். படத்தில் இருந்ததில் முக்கால்தான் இருந்தது. எனக்கு நிஜக் கார்மேல்தான் வருத்தம் வந்தது.

அந்தக் காரை ஸ்டூடியோவுக்குச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். பட்டணத்து ஸ்டூடியோக்களில் பலகையில் வெட்டிய ஆகாய விமானமும் பிறை நிலாவும் வைத்திருப்பார்கள். ஜனங்கள் பின்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் கார் இருக்கட்டும் என்று பலகை அடித்து, மேலே துணி ஒட்டி, வஜ்ஜிரப் பசை பூசி ஆரம்பித்தேன். நிஜ மனிதர்கள் உட்காரும் அளவுக்குக் கணக்குப் போட்டதில் காரின் வால் கொட்டகைச் சுவரைத் தாண்டி மாவு மில்லுக்குள் போய் நின்றது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, கார் நேரே நம்மைப் பார்த்து வருகிற மாதிரி முகத்தை மட்டும் வரைந்தேன். நடுவில் நிக்கல் கம்பிகள், இரண்டு பக்கமும் விளக்குகள், கீழே ஒரு நம்பர் பிளேட். ஸ்டியரிங்குக்குப் பீப்பாய் வளையம் ஒன்றைக் கறுப்படித்து, பத்திரிகையில் இருந்தபடியே காரின் இடப்பக்கம் மாட்டினேன். அமெரிக்காவில் ஓட்டுகிறவன் இடப்பக்கமும் நம் ஊரில் வலப்பக்கமும் உட்காருகிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காரில் ஏறியிருந்தால் அல்லவா தெரியும்?

கார் வந்ததும் ஸ்டூடியோவுக்கு ஒரு களை வந்தது. திருவேற்காட்டுக்குக் கும்பிடப் போகிறவர்கள் போகும்போது பார்த்து வைத்துக்கொண்டு, வரும்போது இறங்குவார்கள். வெளியே ரோட்டில் பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடுகிற பஸ்கள் பின்னால் ஒரு பீப்பாயைச் சுமந்துகொண்டு இருமிக்கொண்டே போகும். உள்ளே என் கார் ஒரு சொட்டு எண்ணெய் கேட்காமல் பளபளத்துக்கொண்டு நிற்கும். மத்தியானத்தில் ஆள் வரமாட்டார்கள். சாப்பாட்டுக் கிளப்பில் எடுத்துவந்த சாப்பாட்டைக் காருக்குப் பின்னாலிருந்த பெஞ்சில், ஸ்டியரிங்குக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன். விளம்பரத்து டிரைவர் மாதிரி பக்கத்துக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கூட இருக்கிறேன். வெட்கமான விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஒரு மத்தியானம் பட்டாளத்து லாரிகள் வரிசையாக வந்து புளியமரங்களுக்குக் கீழே நின்றன. ஒன்றிலிருந்து குதித்து ஓர் இளைஞன் நேரே உள்ளே வந்தான். காக்கிச் சட்டை, இருபத்திரண்டு வயது இருக்கும்.

“அண்ணாத்தே, அரை மணி நேரம்தான் கீது. சட்டுனு ஒரு படம் புடிச்சிடு” என்றான்.

பாரிவாக்கத்துக்காரன். கூலிக்கு வயலில் இறங்கிக்கொண்டிருந்தவன், பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். அன்றைக்கே கிழக்கே போகிறார்கள், எந்த இடம் என்று அவனுக்குச் சொல்லவில்லை. அவனுடைய வலது புருவம் நடுவில் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. சின்ன வயதில் கதிர் அரிவாள் பட்டதாம். சிரித்தால் அந்த இரண்டு துண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும்.

“கல்யாணம் ஆயி நாப்பது நாளுதான் ஆவுது. ஒண்ணா ஒரு படம் கூட எடுத்துக்கல. அவ ஊட்ல கீறா, போயி இட்டாற டைம் இல்ல. அப்பாலிக்கா எங்க நைனா அவள இட்டுகினு வருவாரு. என் பக்கத்துல ஒக்காந்த மாதிரி அவள எடுத்து, ரெண்டயும் ஒண்ணா சேத்து எனக்கு ஒண்ணு, ஊட்டுக்கு ஒண்ணு தர முடியுமா?”

முடியும் என்றேன். எங்கள் தொழிலில் அது சகஜம். தனித்தனியாக எடுத்த இரண்டு படத்தைக் கத்தரித்து ஒட்டி, சேர்ந்த இடத்தில் தூரிகையால் பூசி, அதை மறுபடி படம் எடுத்துவிட்டால் கோடு தெரியாது. செத்துப்போன பெண்டாட்டியை உயிரோடிருக்கிற புருஷன் பக்கத்தில் உட்கார வைத்துக் கொடுத்திருக்கிறேன். உயிரோடிருக்கிறவளை உட்கார வைப்பதா பெரிய காரியம்?

காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். இடப்பக்கம் இருந்தது அவனுக்கு வித்தியாசமாகவே படவில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிற லாரிகளில் இந்தப் பக்கம்தான், ஓட்டிப் பழக்கம் என்றான். நான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டி, அதே மாதிரி பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கச் சொன்னேன்.

“ஆளே இல்லாத எடத்த பாத்து எப்டி சிரிக்கறது?” என்றான்.

“உன் பொண்டாட்டி அங்க உக்கார்ந்திருக்கான்னு நினைச்சுக்கோ.”

நினைத்துக்கொண்டான். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் காமிராவின் கண்ணாடிப் பிளேட்டில் பிடித்ததில்லை. அமெரிக்க விளம்பரத்துக்காரன் தோற்றான். வெளியே ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டான், பட்டாளத்துத் தபால் விலாசத்தை எழுதிய துண்டுச் சீட்டை மட்டும் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு.

அடுத்த வாரத்தில் என் புத்தி கெட்டது. ரோட்டில் வண்டி நிறுத்துகிற லாரி டிரைவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, “இன்னா நைனா, கிளீனர் குந்தற எடத்துல ஸ்டியரிங் வச்சிகீறே, இது ஊடு போய் சேருமா?” என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே இருக்கும். அமெரிக்காவில் அப்படித்தான் என்று வாதாடிப் பார்த்தேன், கேலி ஏறியதே ஒழிய இறங்கவில்லை. அவர்கள் போனதும் வளையத்தைப் பிடுங்கி வலப்பக்கம் மாட்டி, பழைய இடத்தில் வண்ணம் பூசி மறைத்தேன். பாரிவாக்கத்துப் பையனுக்கு நான் தந்த வாக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் தன் மாமனாரோடு வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். பாரிவாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். கால் கழுவிக்கொண்டு, ஈரக்காலோடு உள்ளே வரத் தயங்கி நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் எனக்கு ஸ்டியரிங் ஞாபகம் வந்தது. இதோ ஒரு நிமிஷம் என்று வளையத்தைக் கழற்றிப் பழைய இடத்துக்கே மாற்றப் போனேன். பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கேட்டார்.

“புள்ள எங்க குந்தினான், இவ எங்க குந்தணும்?”

காட்டினேன்.

“அப்டின்னா இவ அவனுக்கு வலப்பக்கம்ல வர்றா? தாலி கட்றதுக்கு முன்னதான் நைனா பொண்ணு வலப்பக்கம். தாலி ஏறிட்டா எடப்பக்கம் வந்துடணும். இத ஊட்ல மாட்டினா பாக்கறவன் இன்னா நெனப்பான்? கட்டாத பொண்ண குந்த வச்சி படம் புடிச்சிகீறான்னு நெனைக்க மாட்டான்?”

அவர் சொன்னது நியாயம்தான். எந்தக் கல்யாணப் படத்திலும் நான் பெண்ணை இடப்பக்கம்தான் நிறுத்துவேன். அமெரிக்கனுக்கு அந்த முறையெல்லாம் கிடையாது, அவன் இஷ்டத்துக்கு ஓட்டுகிறான். என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. பையனை எடுத்தது கண்ணாடிப் பிளேட்டில். அதை அப்படியே புரட்டிப் போட்டு அச்சடித்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அவன் வலப்பக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பிச் சிரிப்பான். பெண் இடப்பக்கம் வருவாள். மாமனாருக்கும் திருப்தி, லாரிக்காரர்களும் சிரிக்க மாட்டார்கள். கார் நேர் முகமாக இருப்பதால் புரட்டினாலும் அதே கார்தான். எனக்கு என் மூளையை நினைத்தே ஒரு பூரிப்பு.

அவளை இடப்பக்கம் உட்கார வைத்தேன். விளம்பரத்தைக் காட்டி, புருஷனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி பக்கத்தில் திரும்பு என்றேன். அவள் படத்தையும் பார்த்தாள், காலி இடத்தையும் பார்த்தாள்.

“அவரு இங்க இல்லியே அண்ணே” என்றாள்.

எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. காமிராவையே நேராகப் பார்த்தாள். பயந்த பார்வை அல்ல. பாடம் கேட்கிற குழந்தையின் பார்வை. சரி என்று எடுத்துவிட்டேன்.

இரண்டையும் ஒட்டி முடிக்க நாலு நாள் ஆயிற்று. புரட்டி அச்சடிக்கும்போது கண்ணாடியின் கனம் நடுவில் வருவதால் பையனின் படம் ஒரு நூல் மங்கலாகத்தான் விழுந்தது. தூரிகையால் சரி செய்தேன். நம்பர் பிளேட்டின் பாதி அவன் பக்கம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. அதைச் சுரண்டி, எண்களை நேராக எழுதினேன். சட்டைப் பையைக்கூட இடம் மாற்றி வரைந்தேன். முகத்தில் மட்டும் கை வைக்கவில்லை, அது அவ்வளவு நன்றாக வந்திருந்தது. கடைசியில் பார்த்தபோது, அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான், அவள் நம்மைப் பார்க்கிறாள், நடுவில் கோடு தெரியவில்லை. அமெரிக்கனே வந்து வாங்கிப் போவான் என்று நினைத்தேன்.

வாங்க வந்தபோது மாமனார் படத்தை எட்ட வைத்துப் பார்த்துவிட்டு, “எம்புள்ளயேதான். பேசறாப்பல கீறான்” என்றார். அவள் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“அண்ணே, வெட்டு இந்தப் புருவத்துல இல்ல. அந்தப் புருவத்துல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அதைவிட, என் வேலையில் பழுது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

“போட்டோவுல அப்படித்தாம்மா தெரியும். லென்சு வழியா வரும்போது பக்கம் மாறிடும்” என்றேன்.

அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். “என் மூக்குத்தி மாறலியே” என்றாள்.

“உனக்கு இந்த மிஷினைப் பத்தி என்னம்மா தெரியும்?” என்று கத்திவிட்டேன். மாமனாரும், “சொம்மா இரு. தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு இல்ல” என்றார். அவள் படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் போனாள். அவனுக்கான பிரதியை அவன் எழுதி வைத்த விலாசத்துக்கு நான் தபாலில் அனுப்பினேன்.

விளம்பரத்து ஓவியன் ஆட்களைச் சுருக்கியது காரை விற்க. நான் ஒரு மனிதனையே புரட்டிப் போட்டது எதற்கு? கர்வத்துக்கு. அன்றைக்கு ராத்திரி இது உறுத்தியது, மறுநாள் வேலையில் மறந்துபோனது. அந்த மாதமே புதுப் பிளேட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது, வாங்கக் காசு தேவைப்பட்டது. பழைய பிளேட்டுகளைச் சுடுநீரில் கழுவி, வெறும் கண்ணாடியாக்கி, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் தள்ளினேன். பையனை எடுத்த பிளேட்டும் அதில் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து அவள் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். புருஷனிடமிருந்து கடிதம் வந்திருந்தது, பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னாராம்.

“படம் கெடச்சிதாம் அண்ணே. தன்ன மாதிரியே அச்சு அசலா வந்துகீதுன்னு எழுதிகீறாரு. நீங்க சொன்னதுதான் நெசம். நான்தான் தப்பா நெனப்பு வச்சிகினு இருந்துகீறேன்.”

அவன் ஏன் அப்படி எழுதினான் என்று எனக்குத் தெரியும். யாரும் தன் முகத்தைச் சவரக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடியும் புரட்டித்தான் காட்டுகிறது. நான் கொடுத்தது அவனுக்குத் தெரிந்த முகம், அவளுக்குத் தெரிந்த முகம் அல்ல. நாற்பது நாள் பக்கத்தில் இருந்து பார்த்ததை நான் சொன்ன ஒரு பொய்யால் அழித்து எழுதிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. “பரவாயில்லம்மா” என்றேன். எதற்குப் பரவாயில்லை?

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை நான் காரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. காகிதக் கடைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. பத்திரிகைகள் வந்துகொண்டே இருந்தன, விளம்பரங்கள்தான் மாறிவிட்டன. கார் கம்பெனிக்காரர்கள் இப்போது டாங்கியும் விமானமும் செய்வதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார்கள். பக்கத்தின் மூலையில் சின்னதாக அதே மாதிரிக் கார், அதே சிரிக்கிற ஜோடி. இப்போது கிடைக்காது, யுத்தம் முடியட்டும், பொறுத்திருங்கள் என்று கீழே வாசகம். விற்கவே முடியாத சாமானுக்கு இவ்வளவு அழகாக விளம்பரம் செய்கிறவர்களை அதற்கு முன் நான் கண்டதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பாரிவாக்கம் ஞாபகம் வரும். அவளும் அப்படித்தானே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறாள் என்று தோன்றும். திரும்பி வரட்டும், அவனையே நேரில் நிறுத்தி உண்மையைச் சொல்லிச் சிரித்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து இலவசமாக ஒரு படம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

அவன் வரவில்லை. பர்மா எல்லையில் எங்கோ மலைப் பாதையில் லாரி உருண்டுவிட்டது என்று பட்டாளத்திலிருந்து காகிதம் வந்ததாகப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். உடல் வரவில்லை. யார் என்று விசாரித்தேன். பாரிவாக்கம், புருவத்தில் வெட்டு இருக்குமே அந்தப் பையன் என்றார்கள். எந்தப் புருவம் என்று யாரும் சொல்லவில்லை. போய்த் துக்கம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவள் வந்தாள். தனியாக. நெற்றி வெறுமையாக இருந்தது. அந்தப் படத்தை ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, நெசத்த சொல்லுங்க. வெட்டு எந்தப் புருவத்துல? கண்ண மூடினா ரெண்டு பக்கமும் வருது. ஒரு நாளு இந்தப் பக்கம், ஒரு நாளு அந்தப் பக்கம். அவரு மொகமே நெலைக்கு வர மாட்டேன்னுது.”

அழவில்லை அவள். நான்தான் அழுதேன். பிளேட்டைப் புரட்டியதிலிருந்து லென்ஸைப் பற்றிச் சொன்ன பொய்வரை எல்லாவற்றையும் சொன்னேன். வலது புருவம், நீ சொன்னதுதான் சரி, அன்றைக்கே சரி என்றேன். பழைய பிளேட்டைக் கழுவி விற்றதையும் சொன்னேன். அவள் வையவில்லை. அவர் முகம் சரியாக எப்படித்தான் இருந்தது, காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள். எப்படிக் காட்டுவது? என்னிடம் எதுவும் இல்லை.

அப்போதுதான் வாடிக்கைக்காரர்கள் தலை வாரிக்கொள்ளச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. அவளைக் கூப்பிட்டு, படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். படத்தை நேராகப் பார்க்காதே, கண்ணாடிக்குள் பார் என்றேன். அவள் பிடித்தாள். கண்ணாடிக்குள் அவன் வலது புருவத்தில் வெட்டோடு, நான் பிளேட்டில் பிடித்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தான்.

அவள் மற்றக் கையால் கண்ணாடியைத் தொட்டாள்.

“நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல” என்றாள். என்னிடம் அல்ல, அவனிடம்.

படத்தைக் கொடுத்துவிட்டுப் போ, இதையே மறுபடி படம் எடுத்து, அவனை மட்டும் திருப்பிப் புரட்டிச் சரியாக ஒட்டித் தருகிறேன் என்றேன். அவள் சட்டென்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இனிமே நீங்க இதுல கை வெக்காதீங்க அண்ணே.”

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை, சந்தை நாளில், துணியில் சுற்றிய படத்தோடு வருவாள். நேரே கண்ணாடிக்கு எதிரே போய் நிற்பாள். நான் வெளியே வந்து ரோட்டோரம் நின்றுகொள்வேன். வாடிக்கைக்காரர்கள் வந்தால், உள்ளே ஆள் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்பேன். பொறுக்காதவர்கள் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள், வெளியே நான் ஒருத்தன் இருக்கிறேன் என்று தோன்றும். எனக்கு அது வேண்டியதுதான்.

ஒரு சந்தை நாளில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்தாள். படம் மட்டும் நனையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, சாக்கில் சுற்றி அவளிடம் நீட்டினேன். எடுத்துக்கொண்டு போம்மா, வீட்டிலேயே மாட்டிக்கொள், இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்றேன்.

அவள் வாங்கவில்லை.

“ஊட்ல மாமா கீறாரு அண்ணே. காலைல எந்திரிச்சா அந்தப் படத்தாண்டதான் நிக்கறாரு. புள்ள படத்துல கீற மாதிரிதான் இருந்தான்னு நெனச்சிகினு கீறாரு. அவருக்கு இது தெரிய வாணாம்.”

கண்ணாடியை மறுபடி ஆணியில் மாட்டினேன். அவள் துணியைப் பிரித்தாள். மழை விட்டபாடில்லை. நான் வெளியே போய் நின்றேன்.